வாசலில் தொடங்கும் தடம்

மிதிவண்டிக்கு ஒரு ஜி.பி.எஸ். கருவி வாங்க வேண்டும், எதை வாங்கலாம் என்று யாரேனும் கேட்டால் எங்களிடம் ஒரு நீண்ட விடை எப்போதும் தயாராக இருந்தது. திரையின் அகலம், மின்கலம் தாங்கும் நேரம், வரைபடம் வண்ணத்திலா கறுப்பு வெள்ளையிலா, இதயத் துடிப்பைக் காட்டுமா, ஏற்றத்தின் சரிவைச் சொல்லுமா என்று தொடங்கி விலையில் கொண்டுபோய் முடிப்போம். ஞாயிறு விடியலில் திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள சாலைகளில் வண்டி மிதிக்கும் ஐந்தாறு பேர் நாங்கள். பெரும்பாலோர் கல்லூரியில் பாடம் சொல்பவர்கள், நாற்பதைத் தாண்டியவர்கள். மிதிப்பதைக் காட்டிலும் கருவிகளைப் பற்றிப் பேசுவது எளிது என்பதால் அதையே அதிகம் செய்துவந்தோம்.

சென்ற ஆண்டு எங்கள் குழுவிலுள்ள நூலகர் கேட்ட கேள்விக்கு மட்டும் அந்த விடை பயன்படவில்லை.

"சார், என் வீடு எங்க இருக்குன்னு ஊருக்கே சொல்லாத கருவி எது?"

கேட்டதற்குக் காரணம் இருந்தது. இரண்டாண்டுகளாக அவர் கைப்பேசியில் ஒரு செயலியை இயக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டிவந்தார். ஓட்டி முடித்ததும் அன்றைய தடம் தானாகவே பொதுவெளிக்குப் போய்விடும். முன்பின் அறியாத ஒருவர் அதன்கீழ் வாழ்த்துச் சொல்லத் தொடங்கினார். சில வாரங்கள் வெறும் வாழ்த்துதான். பிறகு ஒருநாள், "இன்று பத்து நிமிடம் தாமதமாகக் கிளம்பியிருக்கிறீர்கள்" என்று எழுதினார். அதற்கு அடுத்த வாரம் அவருடைய தெரு முனையில் மோட்டார் சைக்கிளை நிறுத்திக்கொண்டு ஒருவர் நின்றார். பேசவில்லை, பின்தொடரவில்லை, நின்றார், அவ்வளவே. காவல் நிலையத்தில் போய் என்னவென்று எழுதிக் கொடுப்பது? நூலகர் மூன்று மாதம் வண்டியை எடுக்கவில்லை. முழங்கால் வலி என்று எங்களிடம் சொன்னார். நாங்களும் நம்பி, ஆளுக்கொரு தைலத்தின் பெயரைச் சொன்னோம்.

உண்மை தெரிந்தபோது எங்களில் இயற்பியல் கற்பிப்பவர் உடனே ஒரு தீர்வு சொன்னார்: செயலியில் வீட்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு மறைத்துக்கொள்ளலாமே! அதை அவர் முதல் நாளே செய்திருந்தார். அப்படியானால் எப்படித் தெரிந்தது? எங்களால்தான் தெரிந்தது. செங்கம் சாலைக்குப் போகும் வழியில் அவர் வீடு இருப்பதால், ஒவ்வொரு ஞாயிறும் அவர் வாசலில் கூடி நின்று, எல்லோரும் வந்தபின் கிளம்புவோம். அவருடைய தடத்தில் வாசல் மறைந்திருந்தது. எங்கள் ஐந்து பேரின் தடங்களிலும் அதே இடத்தில், அதே நேரத்தில், நான்கைந்து நிமிடம் நின்றதற்கான குறி வாரந்தோறும் பதிவாகியிருந்தது. போதாக்குறைக்கு எங்களுள் ஒருவர் "நூலகர் வீட்டிலிருந்து செங்கம் வரை" என்று தலைப்பும் கொடுத்திருந்தார். தமிழ் கற்பிக்கும் எங்களுக்குத் தலைப்பு வைக்காமல் இருக்க முடிவதில்லை.

இலக்கியம் பேசும் இடத்தில் சைக்கிள் கருவிக்கு என்ன வேலை என்று நினைக்கும் வாசகர்கள் சற்றே பொறுக்க வேண்டும். இது கருவியைப் பற்றிய கேள்வி போலத் தோன்றினாலும், ஒருவர் நடந்த தடம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியாகவே எங்களுக்குப் படுகிறது.

மிதிவண்டிப் பயணத்தை எண்ணும் ஆசை புதிதன்று. 1895ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் கர்ட்டிஸ் வீடர் என்பவர் சக்கரத்தின் சுழற்சியை எண்ணித் தூரம் காட்டும் சிறு பொறியொன்றை உருவாக்கிவிட்டார். சக்கரக் கம்பியில் ஒரு காந்தமும் கவையில் ஓர் உணரியும் பொருத்தும் இன்றைய எளிய மீட்டர்களும் செய்வது அதே எண்ணிக்கைதான். சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.1 மீட்டர் என்று சொல்லிவிட்டால், எத்தனை முறை சுற்றியது என்பதிலிருந்து தூரமும் வேகமும் வந்துவிடும். இவ்வகை மீட்டரில் நாங்கள் கவனிக்காமல் விட்ட ஒரு சிறப்பு உண்டு. அதற்கு எவ்வளவு தூரம் என்று தெரியும். எங்கே என்று தெரியாது. தெரியாததை அது யாரிடமும் சொல்லவும் இயலாது. நூலகர் முதலில் இதையே வாங்க நினைத்தார். ஆனால் அவருக்கு ஜவ்வாது மலையில் தனியே வண்டி ஓட்ட வேண்டும் என்று நெடுநாள் ஆசை. அங்கே எண் காட்டும் கருவி போதாது, வழி காட்டும் கருவி வேண்டும்.

ஆகவே ஜி.பி.எஸ். இதைப் பற்றிப் படித்தவர்களிடம்கூட ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது: மேலே செயற்கைக்கோள் நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது என்பது. எங்களுக்கும் அந்த எண்ணமே இருந்தது. இயற்பியல் நண்பர் தேநீர்க் கடையில் அதைத் தீர்த்துவைத்தார். ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் அக்கோள்கள் ஓயாமல் நேரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன; அவற்றுக்குக் கேட்கும் செவி கிடையாது. நம் கையிலுள்ள கருவி குறைந்தது நான்கு கோள்களின் குரலைக் கேட்டு, ஒவ்வொன்றும் வந்துசேர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு தன் இடத்தைத் தானே கணக்கிட்டுக்கொள்கிறது. கோயில் மணியைக் கேட்டு நேரம் அறிபவன் இன்னான் என்று மணிக்குத் தெரியாதல்லவா, அதுபோல. 2000ஆம் ஆண்டு மே மாதம் வரை அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான குறிகையில் வேண்டுமென்றே பிழையைக் கலந்துவந்தது. நூறு மீட்டர் வரை இடம் தவறும். அந்தப் பிழை நீக்கப்பட்ட பிறகே சாலையோரத் திருப்பத்தைச் சரியாகச் சொல்லும் சிறு கருவிகள் பயனுக்கு வந்தன.

ஆக, வானத்திலிருந்து யாரும் நம்மைக் காட்டிக்கொடுக்கவில்லை. கருவி கணக்கிட்டு எழுதிவைக்கும் கோப்பு முதலில் கருவிக்குள் மட்டுமே இருக்கிறது. அது கைப்பேசிக்குத் தாவி, அங்கிருந்து நிறுவனத்தின் கணினிக்குப் போய், அங்கிருந்து பொதுவெளிக்கு வருவது எல்லாம் பிறகு நடப்பவை. அவற்றில் ஒன்றுகூட வழி காட்டுவதற்குத் தேவையில்லை. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டபின் எங்கள் தேர்வு முறையே மாறிவிட்டது.

வட்டம் போட்டு மறைப்பதைப் பற்றி ஒரு சொல். வீட்டை மையமாக வைத்து ஒரு வட்டம் வரைந்து, அதனுள் உள்ள தடத்தை மறைத்தால், தடங்களெல்லாம் வட்டத்தின் விளிம்பில் தொடங்கும். வெவ்வேறு நாள்களில் வெவ்வேறு திசைகளில் கிளம்பிய மூன்று தடங்கள் கிடைத்தால் விளிம்பில் மூன்று புள்ளிகள் கிடைத்துவிடும். மூன்று புள்ளிகள் வழியே செல்லும் வட்டத்தின் மையத்தைக் காண்பது பள்ளிக்கூட வடிவியல். மறைத்து வைத்த வீடு மையத்தில் அமர்ந்திருக்கும். தெரிந்த தொலைவுகளைக் கொண்டு தெரியாத இடத்தைக் கண்டுபிடிக்கும் கருவியின் கணக்கும் இதன் உறவுக் கணக்குதான். பிற்பாடு மையத்தைச் சற்றுத் தள்ளி வைக்கும் ஏற்பாடுகள் வந்தன. ஆனால் உடன் வருபவர்களின் தடம் வாயடைக்காதவரை இந்த ஏற்பாடெல்லாம் எதற்கு?

இது ஓர் ஊரின் ஐந்து பேருக்கு மட்டும் நேர்ந்த அறியாமை அன்று. ஸ்ட்ராவா நிறுவனம் 2017 நவம்பரில், தன் பயனர்களின் தடங்களையெல்லாம் ஒன்றுசேர்த்து ஓர் உலக வரைபடமாக வெளியிட்டது. யார் பெயரும் அதில் இல்லை. 2018 ஜனவரியில் அதை உற்றுப் பார்த்தவர்களுக்கு, ஆப்கானிஸ்தானிலும் சிரியாவிலும் இருண்டு கிடக்க வேண்டிய பாலை நிலங்களில் சிறுசிறு ஒளிக்கோடுகள் தெரிந்தன. முகாம் வேலியை ஒட்டி ஓடிப் பயிற்சி செய்த சிப்பாய்களின் தடங்கள் அவை. படைமுகாமே இப்படி வெளிச்சத்துக்கு வந்துவிடும் என்றால் ஒரு தெருவும் ஒரு வாசலும் எம்மாத்திரம்!

நிறுவனத்தின் கணினியில் நம் தடம் இருந்தால்தான் பத்திரம் என்ற வாதமும் எங்களிடையே எழுந்தது. அதற்கு 2020 ஜூலை 23ஆம் தேதி நடந்தது விடை சொல்கிறது. அன்று கார்மின் நிறுவனத்தின் கணினிகளைத் தாக்கியவர்கள் அவற்றின் தரவுகளை மறைகுறியாக்கிப் பூட்டிவிட்டார்கள். பல நாள்கள் சேவை முடங்கியது. உலகெங்கும் ஓட்டியவர்கள் தங்கள் தடம் எங்கே என்று பதறினார்கள். தடம் எங்கும் போகவில்லை. கைக்குள் இருந்த கருவியிலேயே இருந்தது. கம்பி வழியாகக் கணினியில் இணைத்துக் கோப்பை எடுத்துக்கொள்ளத் தெரிந்தவர்களுக்கு இழப்பு ஏதுமில்லை. 2022இல் வேறொன்று நடந்தது. ஹேமர்ஹெட் நிறுவனத்தை ஸ்ராம் நிறுவனம் வாங்கியது, அதற்குப் போட்டியாளரான ஷிமானோ, தன் மின்கியர் தொடர்பான வசதிகளை ஹேமர்ஹெட்டின் கருவியிலிருந்து நீக்கச் சொன்னது, நீக்கப்பட்டன. காசு கொடுத்து வாங்கிய பொருளில் நேற்று இருந்தது இன்று இல்லை. எங்கள் வண்டிகளில் மின்கியர் கிடையாது என்பதால் எங்களுக்கு நட்டமில்லை. ஆனால் வாங்கிய பிறகும் கருவி முழுக்க நம்முடையதாகிவிடுவதில்லை என்பது உறைத்தது.

இவற்றையெல்லாம் பேசி முடித்தபின் நாங்கள் வகுத்துக்கொண்ட அளவுகோல் எளிது. பெட்டியிலிருந்து எடுத்த கருவி, கைப்பேசி இல்லாமல், கணக்குத் தொடங்காமல், இணையம் இல்லாமல் வேலை செய்ய வேண்டும். வழித்தடத்தைக் கணினியிலிருந்து கம்பி வழியே உள்ளே போட முடிய வேண்டும். ஓட்டிய தடத்தை அதே கம்பி வழியே வெளியே எடுக்க முடிய வேண்டும். வழித்தடத்துக்கு ஜி.பி.எக்ஸ். என்று ஒரு பொது வடிவம் 2002 முதல் இருக்கிறது. எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லாதது, எழுத்துக் கோப்பாகவே திறந்து படிக்கலாம். அதை ஏற்காத கருவி எத்தனை அழகாக இருந்தாலும் வேண்டாம். சில கருவிகள் கைப்பேசிச் செயலியுடன் இணைத்த பிறகே கண் திறக்கின்றன. கடையில் வாங்கும்போதே அதைக் கேட்டுவிட வேண்டும். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் கைப்பேசியை மேசைமேல் வைத்துவிட்டு இயக்கிக் காட்டச் சொல்ல வேண்டும். நாங்கள் கேட்ட கடையில் அவர் எங்களைச் சற்று விநோதமாகப் பார்த்தார்.

மற்றவை சில்லறை. வெயிலில் தெரியும் திரை வேண்டும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் கைப்பேசித் திரை சூடேறி மங்கிவிடும், தனிக்கருவிகள் பலவற்றின் திரையோ வெயிலையே வாங்கிப் பளிச்சிடும். வியர்வைக் கைக்குத் தொடுதிரையைவிடப் பொத்தான் மேல். உயரத்தைக் காற்றழுத்தத்தால் அளக்கும் கருவி ஏற்றத்தை நன்றாகச் சொல்லும். மழை பிடித்துக்கொண்டால் சமவெளியிலும் மலை ஏறியதாகச் சொல்லும். விலை சில ஆயிரங்களில் தொடங்கிப் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றின் விலை வரை போகிறது. விலை ஏற ஏறக் கருவி நம்மைப் பற்றி அதிகம் தெரிந்துகொள்கிறது என்று எங்களில் ஒருவர் சொன்னார். முழுக்கச் சரியில்லை, முழுக்கத் தவறும் இல்லை.

மிதிவண்டியோடு தொடர்பில்லாததாகத் தோன்றும் ஒரு நூலை இங்கே சொல்லாமலிருக்க முடியவில்லை. நாங்கள் ஞாயிறுதோறும் போகும் செங்கம், பத்துப்பாட்டில் வரும் செங்கண்மா. அவ்வூர் நன்னனைப் பாடிய மலைபடுகடாம் 583 அடிகளில் ஒரு கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்கிறது. ஆற்றுப்படை என்ற வகையையே நாங்கள் வகுப்பில் புரவலர் புகழ் என்ற தலைப்பின்கீழ் நடத்தி முடித்துவிடுவோம். வண்டி மிதிக்கத் தொடங்கிய பிறகு, அது முதன்மையாக ஒரு வழித்தடம் என்று தோன்றுகிறது. பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள், விடிந்தபின் போங்கள் என்கிறது (விடியுமுன் கிளம்பும் நாங்கள் கேட்காத அறிவுரை). பாம்பு இருக்கும் இடத்தைச் சொல்கிறது. புனம் காப்பவர்கள் யானையை ஓட்டக் கவணில் எறியும் கல் வந்து விழும், பார்த்துப் போங்கள் என்கிறது. வழிகள் பிரியும் இடம் வந்தால் அங்கே துடைத்துவிட்டு, பின்னால் வருபவர்கள் அறியும்படி புல்லை முடிந்து வைத்துவிட்டுச் செல்லுங்கள் என்றும் சொல்கிறது.

வெற்றுத் திரையில் ஒற்றைக் கோடாக வழி காட்டும் எளிய கருவியும் அந்த முடிந்த புல்லும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. முன்னே போனவர் விட்ட குறி, பின்னே வருபவருக்கு உதவுகிறது. தடத்தைப் பகிர்வதே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. பகிராவிட்டால் நூலகர் மலைக்குப் போக வழித்தடம் எங்கிருந்து வரும்? ஆனால் புல்லை எங்கே முடிவது என்பதை நடப்பவரே தீர்மானித்தார். வழி மயங்கும் கவலையில் முடிந்தார். தம் குடிசை வாசலில் முடியவில்லை, புறப்படும் நாழிகையை அதில் எழுதவுமில்லை. எங்கள் கருவிகளோ போன இடமெல்லாம் புல் முடிந்துகொண்டே வந்தன, நாங்கள் கேட்காமலேயே.

இந்த இடத்தில் ஒரு மறுப்பையும் பதிவுசெய்ய வேண்டும். தனியே போகும் பெண்ணுக்கு, அவர் இருக்கும் இடத்தை அந்தந்த நொடியில் வீட்டாருக்குக் காட்டும் வசதிதானே பாதுகாப்பு என்று குழுவில் ஒருவர் கடுமையாகவே கேட்டார். விழுந்தால் தானே அறிந்து செய்தி அனுப்பும் கருவிகளும் உள்ளனவே என்றார். நியாயமான கேள்விதான். விடையை நூலகரே சொன்னார்: "என் அக்காவுக்கும் வீட்டுக்காரருக்கும் தெரியறது வேற சார், ஊருக்குத் தெரியறது வேற. அவங்க ரெண்டு பேருக்கும் கைப்பேசியிலிருந்தே அனுப்பிடுவேன்." அந்த வசதியுள்ள கருவிகளும் செய்தியைக் கைப்பேசி வழியாகவே அனுப்புகின்றன என்பதும், கோபுரம் எட்டாத மலை வளைவில் இரண்டுமே ஊமை என்பதும் பிறகு தெரிந்தது. ஆகவே மலைக்குப் போகும் நாளில் எந்த வழியாகப் போகிறார், எத்தனை மணிக்குள் கீழே இறங்குவார் என்று ஒரு தாளில் எழுதி அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போகிறார். எங்கள் ஆராய்ச்சியில் கிடைத்தவற்றுள் மிகவும் நம்பத்தகுந்த கருவி அந்தத் தாள்தான் என்று இயற்பியல் நண்பர் ஒப்புக்கொண்டார்.

அவர் வாங்கியது பொத்தான்கள் மட்டும் உள்ள, வண்ணமற்ற, கைக்கடிகாரத்தைவிடச் சற்றே பெரிய ஒரு கருவி. நிறுவனத்தின் பெயரை எழுதுவதில் பயனில்லை. மாதிரிகள் மாறிக்கொண்டே இருக்கும், இந்த அளவுகோலைக் கொண்டு எவரும் தம் பணத்துக்கேற்பத் தேடிக்கொள்ளலாம். பழைய கருவி ஒன்று யாரிடமேனும் விலைக்கு வந்தால் அதையும் யோசிக்கலாம், மின்கலம் மட்டும் நன்றாக இருக்க வேண்டும். மார்கழியில் ஒருநாள் அவர் போளூர் வழியாக ஜமுனாமரத்தூர் வரை ஏறி இறங்கினார். நாங்கள் உடன் போகவில்லை. வரட்டுமா என்று கேட்டோம், வேண்டாம் என்றார். அன்றைய தடம் அவருடைய கணினியில் ஒரு கோப்பாக, தேதியைப் பெயராகக் கொண்டு கிடக்கிறது. எங்களுக்குப் படமாகக்கூடக் காட்டவில்லை. அத்திமரம் ஒன்றைப் பற்றியும், ஏற்றத்தில் இரண்டு முறை இறங்கித் தள்ளிக்கொண்டு போனதைப் பற்றியும் வாயால் சொன்னார்.

நாங்கள் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பேருந்து நிலையத்துக்கு எதிரிலுள்ள தேநீர்க் கடையில் கூடுகிறோம். கருவியை அங்கிருந்து கிளம்பும்போதுதான் முடுக்குகிறோம். திரும்பி வந்ததும் அங்கேயே நிறுத்துகிறோம். வீட்டுக்குப் போகும் இரண்டு மூன்று கிலோமீட்டர் கணக்கில் சேருவதில்லை. அது முதலில் உறுத்தியது என்பதை மறைக்க வேண்டியதில்லை. வருடக் கணக்கில் நூறு கிலோமீட்டருக்கு மேல் குறையும் என்று ஒருவர் வகுப்பறையில் அமர்ந்து கணக்குப் போட்டார்.

பழைய தடங்களை அழிக்க ஒரு மாலை முழுவதும் ஆனது. இரண்டாண்டு ஞாயிறுகள், ஒவ்வொன்றாகத் திறந்து, அந்த நான்கைந்து நிமிட நிற்றலைப் பார்த்துவிட்டு அழித்தோம். எங்கள் நால்வருடையவை போய்விட்டன. ஐந்தாமவர் சென்ற ஆண்டே வேலை மாறி வெளிநாடு போய்விட்டார். தலைப்பு வைத்தவர் அவர்தான். அவர் கணக்கில் அந்த வாசல் இன்னும் இருக்கிறது. மூன்று மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை.